தகுதிச் சான்றிதழ் யார் கையில்?

“கோட்டாவுல படிச்ச டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்குப் படுப்பியா? கோட்டாவுல வந்த பைலட் ஓட்டுற பிளேன்ல ஏறுவியா?”

இந்த இரண்டு கேள்விகளும் காதில் விழாமல் படிப்பை முடித்த தலித் மாணவர் யாராவது உண்டா? 1990இல் மண்டல் குழுப் பரிந்துரையை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் இதைத்தான் கேட்டார்கள். 2006இல் தில்லி எய்ம்ஸ் வளாகத்தில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கேட்டார்கள். வங்கியில் காசோலை பாஸ் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என்னிடம், டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சக ஊழியர்கள் கேட்டிருக்கிறார்கள். ‘உன்னச் சொல்லலப்பா, பொதுவாச் சொல்றேன்’ என்கிற பின்குறிப்பு கூடவே வரும்.

ஏன் டாக்டர், ஏன் பைலட் என்று யோசித்துப் பாருங்கள். மலக்குழிக்குள் இறங்குகிறவனின் தகுதி, திறமை பற்றி இவர்கள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அந்த வேலையில் எழுதாத சட்டமாக நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு இருக்கிறது; அதை எதிர்த்து யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. உயிர்ப்பயம் உள்ள இரண்டு இடங்களைப் பொறுக்கியெடுத்து, அந்தப் பயத்தின் முதுகில் சாதியை ஏற்றி அனுப்புகிறார்கள். ‘நான் சாதி பாக்கல சார், என் உசுரப் பாக்குறேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம் இல்லையா?

இந்த இரண்டு தொழிலும் ஒன்றாகச் சேருகிற இடம் ஒன்று இருக்கிறது. ராணுவ விமான மருத்துவம். அந்த இடத்தில் நின்ற ஒரு கறுப்பரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வான்ஸ் ஹண்டர் மார்ச்பேங்க்ஸ். அமெரிக்க விமானப்படையில் கர்னல். மால்கம் எக்ஸையும் கறுஞ்சிறுத்தைகளையும் தெரிந்த நம் வாசகர்களிடத்தில் இவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. இவர் மேடையில் முழங்கவில்லை. ரத்தத்தையும் சிறுநீரையும் அளந்தார். எண்களை எழுதினார். எனக்கு இவர்மேல் ஈர்ப்பு வந்ததற்கு அதுதான் காரணம். தகுதி என்கிற சொல்லை வைத்து இவர் சனத்தை மூன்று முறை வெளியே தள்ளப் பார்த்தார்கள். மூன்று முறையும் இவர் அந்த வாசலிலேயே நின்றிருக்கிறார்.

*

விமானப்படை டாக்டர் என்றால் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிறவர் மட்டும் இல்லை. தரையில் இருக்கிற காற்றழுத்தம் 18,000 அடி உயரத்தில் பாதியாகிவிடுகிறது. 25,000 அடியில் ஆக்சிஜன் குழாய் கழன்றால், புத்தி தெளிவாக வேலை செய்ய மூன்றிலிருந்து ஐந்து நிமிடம்தான். 40,000 அடியில் இருபது விநாடி கிடைத்தால் அதிகம். இதில் கொடுமை, மூளைக்குக் காற்றுக் குறைவது ஆளுக்கே தெரியாது. கள் குடித்தவன்போல உற்சாகமாக இருக்கும். நன்றாகத்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டே விழுந்து செத்துப்போவான். காது, கண், இதயம், தூக்கம், பயம் எல்லாவற்றையும் பார்த்து, இந்த ஆள் இன்று பறக்கலாம், இந்த ஆள் பறக்கக் கூடாது என்று சொல்கிறவர் இந்த டாக்டர். அவர் கையெழுத்து இல்லாமல் எந்த விமானியும் பறக்க முடியாது. ஃபிட், அன்ஃபிட் என்கிற அந்த ரப்பர் ஸ்டாம்பு அவர் மேஜையில் இருக்கிறது.

அந்த ஸ்டாம்பு ஒரு கறுப்பர் கைக்கு எப்படிப் போனது?

மார்ச்பேங்க்ஸ் 1905 ஜனவரி 12இல் வயோமிங் மாநிலத்தின் ஃபோர்ட் வாஷகியில் பிறந்தார். ராணுவக் கோட்டை அது. அப்பா, கறுப்பர்களுக்கென்று தனியாக வைத்திருந்த குதிரைப்படையில் இருந்தவர். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 1891இல், நம் நாட்டு மஹூ கன்டோன்மென்டில் சுபேதார் ராம்ஜியின் மகன் பிறந்திருந்தார். ஊரில் மூடின கதவு பட்டாளத்தில் கொஞ்சம் திறந்திருந்த காலம். அங்கே பள்ளிக்கூடம் இருந்தது, சம்பளம் இருந்தது, நிமிர்ந்து நடக்கிற ஒரு நடை இருந்தது. 1890களில் ‘போர்க்குலங்கள்’ என்கிற கோட்பாட்டைக் கொண்டுவந்து, மகர்கள் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று அந்தக் கதவையும் வெள்ளையன் சாத்தினான். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக அவனுக்காகச் சண்டை போட்டவர்கள் அவர்கள். தகுதி ஒரே ராத்திரியில் எங்கே போயிற்று?

இதே வேலையை அமெரிக்காவும் செய்தது. 1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பர்களைப் போரில் எப்படிப் பயன்படுத்துவது என்பது பொருள். கறுப்பனின் மண்டையோடு சிறியது, மூளையின் எடை வெள்ளையனுக்கு 45 அவுன்ஸ் என்றால் இவனுக்கு 35 அவுன்ஸ்தான், இருட்டில் பயப்படுவான், தலைமை தாங்கத் தெரியாது என்றெல்லாம் அதில் எழுதிவைத்தார்கள். எழுதியவர்கள் தெருப்பொறுக்கிகள் இல்லை, படித்த அதிகாரிகள். மனு வாயிலிருந்தும் காலிலிருந்தும் சனங்களைப் பிறக்கவைத்தான். இவர்கள் தராசைக் கொண்டுவந்து மூளையை நிறுத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். இந்த அறிக்கையின் நிழலில்தான் கறுப்பர்கள் விமானம் ஓட்ட முடியாது என்பது விஞ்ஞான உண்மையாக உலவியது. இது முதல் வாசல்.

*

மார்ச்பேங்க்ஸ் அரிசோனாவில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, வாஷிங்டனில் உள்ள ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் 1937இல் டாக்டர் பட்டம் வாங்கினார். வெள்ளையர் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் மூடியிருந்த காலம். நாட்டின் கறுப்பு டாக்டர்களில் மிகப் பெரும்பாலோர் ஹோவார்ட், மெஹாரி என்கிற இரண்டே கல்லூரிகளிலிருந்து வந்தார்கள். ரத்த வங்கி முறைக்கு அடித்தளம் போட்ட சார்லஸ் ட்ரூவும் அந்த ஹோவார்டில்தான் வாத்தியார். 1941இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்த வங்கிக்கு வழிகாட்டியவர் ட்ரூ. அதே சங்கம் கறுப்பர் ரத்தத்தை முதலில் வேண்டாம் என்றது. 1942இல் வாங்கிக்கொண்டது, ஆனால் தனியாக லேபிள் ஒட்டித் தனியாக வைத்தது. இந்த ஏற்பாடு 1950 வரை நீடித்தது. டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ரத்தத்துக்கே தனிக் கிளாஸ் வைத்தவர்களைப் புரிந்துகொள்வது கஷ்டமா என்ன?

அடுத்து டஸ்கீகி. அலபாமா மாநிலத்தில் இருக்கிற ஊர். அங்கே முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் மார்ச்பேங்க்ஸ் வேலை பார்த்தார். கறுப்பர்களுக்காக 1923இல் திறந்த மருத்துவமனை அது. அங்கே கறுப்பு டாக்டர்களை நியமிக்கக் கூடாது என்று அதே வருஷம் கூ க்ளக்ஸ் கிளான் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனது. நோயாளி கறுப்பனாக இருக்கலாம், டாக்டர் இருக்கக் கூடாது. சம்பளம் வருகிற நாற்காலி ஆயிற்றே!

இந்த ஊர்ப் பெயரை மருத்துவ வரலாறு வேறு ஒரு காரணத்துக்காக மறக்க முடியாது. 1932இல் தொடங்கி 1972 வரை, நாற்பது வருஷம், அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை இந்த வட்டாரத்தில் 600 கறுப்பு ஆண்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய். உங்களுக்கு மேகநோய் என்று சொல்லவில்லை. 1940களில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. கடைசிவரை விட்டால் உடம்பு என்ன ஆகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். 1997இல்தான் ஒரு ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார்.

1941இல் இதே டஸ்கீகிக்கு விமானங்கள் வந்தன. கறுப்பர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தர ராணுவம் அரைமனதோடு ஒப்புக்கொண்டது. தோற்றுப்போவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் மேலிடத்தில் நிறைய. ஆக ஒரே ஊர், ஒரே சனம். ஒரு பக்கம் மருந்து கொடுக்காமல் சாகவிட்டுக் குறிப்பெடுக்கிற டாக்டர்கள், இன்னொரு பக்கம் இந்த உடம்பு முப்பதாயிரம் அடிக்கு மேலே போய் உயிரோடு திரும்ப வேண்டும் என்று நாடி பிடித்துப் பார்க்கிற ஒரு டாக்டர். மருத்துவம் நடுநிலையானது என்று யாராவது பேசினால் டஸ்கீகியைக் காட்டுங்கள்.

அந்த டாக்டருக்கே பள்ளிக்கூடம் கிடைத்தபாடில்லை. டெக்சாஸில் ராண்டால்ஃப் ஃபீல்டில் விமான மருத்துவப் பள்ளி இருந்தது. ஆரம்பத்தில் கறுப்பு டாக்டர்களை அங்கே சேர்த்துக்கொள்ளவில்லை. தபால்வழிப் பாடம் படித்து விமான மருத்துவர் ஆகச் சொன்னார்கள். பள்ளியின் கதவு பிறகுதான் திறந்தது. வராண்டாவில் உட்கார்ந்து பாடம் கேட்ட கதை நமக்குத் தெரியும். இது தபால்பெட்டிக்கு வெளியே உட்காரவைத்த கதை.

*

1944 தொடக்கத்தில் கறுப்பு விமானிகளின் 332ஆவது போர்விமானக் குழு இத்தாலிக்குப் போனது. அந்தக் குழுவின் தலைமை டாக்டர் மார்ச்பேங்க்ஸ். குழுத் தளபதி பெஞ்சமின் டேவிஸ். இவர்களுக்கு முன்னமே போன 99ஆவது ஸ்குவாட்ரனைப் பற்றி 1943இல் வெள்ளைத் தளபதி ஒருவர் ரிப்போர்ட் எழுதியிருந்தார். இவர்களிடம் சண்டை வேகம் இல்லை, முன்னணியிலிருந்து எடுத்துவிடலாம் என்று. அந்த வருஷம் அக்டோபரில் டேவிஸ் வாஷிங்டனுக்கே போய்க் கமிட்டி முன்னால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக் குழு ஒன்று சரியாகச் சண்டை போடாவிட்டால் அந்தக் குழு சரியில்லை. கறுப்புக் குழு என்றால் கறுப்பு இனமே சரியில்லை. நம் பையன் ஒருவன் ஃபெயிலானால் ஒதுக்கீடே ஃபெயில் என்கிறார்களே, அந்தக் கணக்குத்தான்.

332 என்ன செய்தது? வாலில் சிவப்பு பூசிய விமானங்களில், குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பறந்தார்கள். ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட எதிரிவிமானத்திடம் பறிகொடுக்கவில்லை என்று ரொம்பக் காலம் பெருமை பேசப்பட்டது. பின்னால் விமானப்படையின் வரலாற்று ஆய்வாளர்களே பதிவேடுகளைப் புரட்டிக் கணக்கெடுத்தார்கள். 179 துணைப்பறப்புகளில் 27 விமானங்கள் போயிருந்தன. அதே வேலையைச் செய்த மற்றக் குழுக்களின் சராசரி 46. எனக்கு இந்த 27 பிடித்திருக்கிறது. பூஜ்யம் என்றால் புராணம். 27 மனிதக் கணக்கு. நாம் தெய்வப்பிறவிகள் என்று நிரூபித்தால்தான் உள்ளே விடுவேன் என்கிறவனுக்குக் காட்ட வேண்டிய கணக்கு இதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெள்ளை விமானிகள் ஏறத்தாழ 50 பறப்பு முடித்ததும் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். கறுப்பு விமானிகள் பலர் 70 வரை பறக்க வேண்டியிருந்தது. காரணம், பிரிவினை. கறுப்பர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் டஸ்கீகி ஒன்றுதான். மாற்று ஆள் போதுமான அளவு வந்து சேரவில்லை. களைத்துப் போனவனை இன்னும் இருபது தடவை மேலே அனுப்பிவிட்டு, அவன் தடுமாறினால் இனத்தைக் குற்றம் சொல்வது. இந்த இடத்தில் டாக்டரின் ஸ்டாம்பு என்ன செய்ய முடியும் என்று நினைத்துப் பாருங்கள். களைப்பை எண்ணாக மாற்றிக் காட்டினால் ஒழிய அதிகாரத்தின் காதில் அது ஏறாது.

அதைத்தான் அவர் பின்னால் செய்தார் என்று நான் வாசிக்கிறேன். 1948இல் ட்ரூமன் உத்தரவு போட்டு ராணுவத்தில் நிறப்பிரிவினையை ஒழித்தார். மார்ச்பேங்க்ஸ் லாக்போர்ன் விமானத்தளத்தின் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார். ஆக்சிஜன் முகமூடி எங்கே கசிகிறது என்று சோதிக்கிற கருவி ஒன்றை உருவாக்கிப் பாராட்டுப் பதக்கம் வாங்கினார். 1950களின் கடைசியில், இருபத்திரண்டரை மணி நேரம் இறங்காமல் பறந்த ஒரு பயணத்தில் விமானிகளின் சிறுநீரைச் சேகரித்து, அட்ரினல் சுரப்பி விடுகிற ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, 1958இல் கட்டுரையாக வெளியிட்டார். ‘களைப்பா இருக்கு சார்’ என்பது புலம்பல். சிறுநீரில் இவ்வளவு ஹார்மோன் என்பது சாட்சி. புலம்பலைச் சாட்சியாக மாற்றுகிற வித்தை அது.

*

1962 பிப்ரவரி 20. ஜான் க்ளென் பூமியை மூன்று தடவை சுற்றினார். ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். வழி நெடுக பல நாடுகளில் தரைநிலையங்கள் இருந்தன. ஒன்று நைஜீரியாவின் கானோ நகரத்தில். நைஜீரியா விடுதலை அடைந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அந்த நிலையத்தில் க்ளென்னின் இதயத்துடிப்பு, மூச்சு, உடல்வெப்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் மார்ச்பேங்க்ஸ். தலைக்கு மேலே வெள்ளையரின் இதயம் பறக்கிறது. கீழே ஆப்பிரிக்க மண்ணில், அங்கிருந்து கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் பேரன் அதன் துடிப்பை எண்ணுகிறார். அந்தப் பயணத்தின் பாதைக் கணக்கைச் சரிபார்த்தவர் கேத்தரின் ஜான்சன் என்கிற கறுப்புப் பெண். க்ளென் கேட்டுக்கொண்டதால் எந்திரம் போட்ட கணக்கை அவர் கையால் போட்டுப் பார்த்தார்.

வெள்ளைக்காரனின் உயிருக்குப் பொறுப்பாக இரண்டு கறுப்பர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு கறுப்பர் அந்த ஓடத்துக்குள் உட்கார முடியவில்லை. எட் ட்வைட் என்கிற விமானி அதே காலத்தில் அதற்கான பயிற்சிப் பள்ளிவரை போனார். நாசா அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கக் கறுப்பர் கயன் ப்ளூஃபோர்ட், 1983இல். ட்வைட் கடைசியில் 2024இல், தன் 90ஆவது வயதில், ஒரு தனியார் ராக்கெட்டில் சில நிமிடம் போய்வந்தார். உழைப்பை வாங்கிக்கொள்வார்கள், உச்சியை மட்டும் தரமாட்டார்கள். இது இரண்டாவது வாசல்.

*

மூன்றாவது வாசல் ரத்தத்துக்குள் இருந்தது.

மார்ச்பேங்க்ஸ் 1964இல் ஓய்வு பெற்று ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். நிலாவுக்குப் போனவர்கள் முதுகில் சுமந்த உயிர்காப்புப் பெட்டியைச் செய்த நிறுவனம். அந்தச் சாதனங்களின் மருத்துவச் சோதனையில் பங்கெடுத்தார். அந்தக் காலத்தில்தான் அரிவாள் செல் விவகாரம் கிளம்பியது.

சிக்கிள் செல் என்கிற அரிவாள் செல் சோகையில், சிவப்பணு வட்டமாக இல்லாமல் பிறை மாதிரி, கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைகிறது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும், இரண்டு பக்கமும் அந்த மரபணு வந்தால் நோய், கடும் வலி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் நோய் இல்லை, அவர் அதைச் சுமப்பவர், அவ்வளவுதான். பொதுவாக எல்லாரையும்போல வாழ்ந்துவிட்டுப் போகலாம். அமெரிக்கக் கறுப்பர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் சுமப்பவர்கள். மலேரியா உள்ள மண்ணில் இந்தச் சுமை பிள்ளைகளைக் காப்பாற்றியது. அதனால்தான் ஆப்பிரிக்கா, மத்தியதரைக் கடலோரம், அரேபியா, இந்தியா என்று பரவியிருக்கிறது. கொசுவோடு மனிதர் போட்ட சண்டையின் தழும்பு அது. ஆனால் 1910இல் அமெரிக்காவில் முதலில் ஒரு கறுப்பு மாணவரிடம் கண்டுபிடிக்கப்பட்டதால் ‘நீக்ரோ ரத்தத்தின் நோய்’ ஆகிவிட்டது. வெள்ளையர் யாருக்காவது இருந்தால் அவர் பரம்பரையிலேயே சந்தேகப்பட்டார்கள்.

லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், அணுகுண்டை எதிர்த்த நல்ல மனிதர், 1968இல் என்ன எழுதினார் தெரியுமா? இந்த மரபணு உள்ள இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்தி அடையாளம் போட வேண்டும் என்று. ஒருவரையொருவர் காதலிக்காமல் இருக்க! நெற்றியில் குறி. நல்லெண்ணத்தோடு சொன்னாராம். சாதிக்குக் குறி போட்ட நாட்டில் பிறந்த எனக்கு இதை வாசித்தபோது உடம்பு கூசியது.

1968, 69இல் டெக்சாஸில் ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் உள்ள ஃபோர்ட் ப்ளிஸ் முகாமில், கடும் பயிற்சியின்போது நாலு கறுப்பு இளைஞர்கள் செத்துப்போனார்கள். நாலு பேரும் சுமப்பவர்கள். சாவு உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதிலிருந்து என்ன முடிவுக்குப் போனார்கள்? தண்ணீர் கொடுத்தார்களா, ஓய்வு விட்டார்களா என்று கேட்பதற்கு முன்னாலேயே, இவர்களை விமானியாக எடுக்காதே என்றார்கள். 1970களில் விமானப்படை அகாதெமியின் கதவு சுமப்பவர்களுக்குச் சாத்தப்பட்டது. வேலை மறுப்பு, இன்சூரன்ஸ் மறுப்பு என்று வெளியிலும் பரவியது. முன்பு மூளையின் எடை, இப்போது ஹீமோகுளோபின். தராசு மட்டும் நவீனமாகிவிட்டது.

அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்த மார்ச்பேங்க்ஸ் எழுத உட்கார்ந்தார். 1980இல் விமான மருத்துவ ஆய்விதழில் அரிவாள் செல் கூறும் கறுப்பு விமானிகளும் பற்றி அவருடைய கட்டுரை வந்தது. பல வருஷம் கறுப்பு விமானிகளின் நாடியைப் பிடித்துப் பார்த்த கை எழுதிய கட்டுரை. வழக்குகளும் இப்படியான வாதங்களும் சேர்ந்து நெருக்க, 1981இல் தடை விலகியது. கறுஞ்சிறுத்தைகள் 1971இலிருந்து சேரிகளில் இலவசமாக ரத்தப் பரிசோதனை நடத்திவந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வெளியே சிறுத்தைகள், உள்ளே ஒரு கர்னல். ஒருவரையொருவர் சந்தித்திருக்கத் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே பூட்டைத்தான் அசைத்தார்கள்.

பின்னால் 2016இல், 47,944 கறுப்பினப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்து ஒரு முடிவு வெளிவந்தது. சுமப்பவர்களுக்குச் சாவு அபாயம் மற்றவர்களைவிட அதிகம் இல்லை. கடும் உழைப்பில் தசை சிதைகிற ஆபத்து மட்டும் 54 சதவீதம் கூடுதல். அதற்கும் வழி தண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு. இது எல்லாப் படைவீரனுக்கும் நல்லதுதானே? கதவைச் சாத்துவதைவிட ஒரு குடம் தண்ணீர் வைப்பது சுலபம். ஆனால் ஆதிக்கத்துக்குக் கதவைச் சாத்துவதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

*

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: ‘ஏகாதிபத்தியப் படையின் டாக்டரையா தூக்கிப் பிடிக்கிறே? அவன் தெம்பா வெச்சிருந்தவங்கதானே அணுகுண்டைச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சாங்க?’ நியாயமான கேள்வி. அந்தப் படை கொரியாவிலும் வியட்நாமிலும் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். நான் அவருக்கு மாலை போடச் சொல்லவில்லை. தகுதி என்பது இயற்கை கொடுத்தது இல்லை, அளக்கிறவன் கொடுப்பது என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடச் சுருக்கமான நிரூபணம் எனக்குக் கிடைக்கவில்லை. மண்டையோட்டை அளந்தவனுக்கும் படிப்பு இருந்தது, சிறுநீரை அளந்தவருக்கும் படிப்பு இருந்தது. வித்தியாசம், எந்தப் பக்கத்திலிருந்து அளந்தார்கள் என்பதில்தான். ‘எங்களுக்கும் தகுதி உண்டு’ என்று கெஞ்சுவது ஒரு வழி. ‘தராசைக் கொண்டா, பார்க்கிறேன்’ என்பது இன்னொரு வழி. மார்ச்பேங்க்ஸ் இரண்டாவது வழியில் போனார்.

இது அமெரிக்கக் கதையாக அங்கேயே நின்றுவிடவில்லை. இந்தியாவில் அரிவாள் செல் முதலில் பதிவானது நம் நீலகிரியில். 1952இல் லீமன், கட்புஷ் என்கிற இரண்டு ஆய்வாளர்கள் மலைப் பழங்குடிகளின் ரத்தத்தில் அதைக் கண்டார்கள். விதர்பாவில் மகர்களிடமும், மத்திய இந்தியா முழுக்க ஆதிவாசிகளிடமும் அது இருக்கிறது. 2023 ஜூலை 1இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்கள். பரிசோதித்தவர்கள் கையில் மரபணு நிலையைச் சொல்லும் அட்டை ஒன்றைக் கொடுக்கிறார்கள்.

பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயுள்ள பிள்ளைக்கு மருந்து வேண்டும், ரத்தம் வேண்டும், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அந்த நோய் இடம்பெற்றிருக்கிறது, நல்லது. என் கேள்வி அட்டையைப் பற்றியது. நோய் இல்லாத, சும்மா சுமக்கிற ஒரு இருளர் பெண்ணின் கையில், ஒரு பணியர் பையனின் கையில் இந்த அட்டை எத்தனை கதவைத் திறக்கும், எத்தனையை மூடும்? போலீஸ் தேர்வில், பட்டாளத் தேர்வில், இன்சூரன்ஸ் ஆபீசில், கல்யாணப் பேச்சில் அதை யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது? அமெரிக்காவில்கூட 2008இல் மரபணுவைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டமும் அவர்கள் ராணுவத்தைத் தொடாது. நம்மிடம் அதற்கென்று தனிச் சட்டமே இல்லை. சட்டம் இல்லாத அட்டை, பாலிங் சொன்ன பச்சைக்குத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களே, மருத்துவக் கல்லூரியில், பாராமெடிக்கல் படிப்பில், புள்ளியியலில் இருக்கிறவர்களே, இது உங்களுக்கு. நீலகிரிக்குப் போங்கள், ஜவ்வாது மலைக்குப் போங்கள். அட்டை வாங்கியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். நோய்க்கும் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் மொழியில் யாராவது சொன்னார்களா என்று கேளுங்கள். அட்டையால் வேலையோ வரனோ தட்டிப்போயிருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, பெயரை மறைத்து, எண்ணிக்கையாக எழுதிக்கொண்டு வாருங்கள். இயக்கம் அதைச் சட்டமன்றத்துக்கும் கோர்ட்டுக்கும் கொண்டுபோகட்டும்.

வான்ஸ் மார்ச்பேங்க்ஸ் 1988இல் செத்துப்போனார். பிறந்தபோது, அவர் இனத்துக்கு ஒரு விமானத்தைத் துடைக்கிற தகுதிகூட இல்லை என்று சொல்லியிருப்பார்கள். சாகும்போது விமானி பறக்கலாமா என்று கையெழுத்துப் போட்ட வேலையைப் பல வருஷம் செய்து முடித்திருந்தார். கோட்டா பைலட்டின் பிளேனில் ஏறுவாயா என்று கேட்கிறவர்களுக்கு நம்முடைய பதில் ஒரு கேள்விதான்: நீ ஏறின பிளேன் எல்லாம் பத்திரமாக இறங்குதே, அதுல யாரோட கையெழுத்து இருக்குன்னு என்னைக்காவது கேட்டிருக்கியா?